இரண்டு முழக் கை

கை எங்கம்மா, மிச்சக் கை எங்க, என்று கத்திக்கொண்டு வர்ஷினி நாலாம் மாடி நடைவழியில் அந்தக் கிமோனோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள், ஜனவரிக் காற்று அதன் கைகளைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறது, ஆடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை, நேற்றுவரை கணுக்காலைத் தொட்டுக்கொண்டு தொங்கிய இரண்டு முழக் கை, இப்போது இடுப்போடு நின்றுபோய் விடைத்துக்கொண்டு துடிக்கிறது, சிவப்புப் பட்டில் பறந்த வெள்ளைக் கொக்குக்குத் தலையும் கழுத்தும் மட்டும் மிஞ்சியிருக்கிறது, உடம்பைக் காணோம், எதுக்குடி இப்பிடி ஊரக் கூட்டுற, தொங்குனதத்தான வெட்டுனேன், ஓரம் அடிச்சு எம்புட்டு அழகா மடிச்சுத் தச்சிருக்கேன், கண்ணத் தொறந்து பாரு, என்று அவள் அம்மா செண்பகவல்லி வாசலில் நின்று அதைவிட உரக்கக் கத்துகிறாள், நான் என் சமையலறை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், வெங்காயம் ஒன்றுதான், அரை மணி நேரமாக அதையேதான் நறுக்குகிறேன். நாளைக்கு விடிஞ்சா இருபது வயசு விழாம்மா, என் கூடப் படிச்ச அத்தனை பேரும் நீளக்கை போட்டுக்கிட்டு வருவாங்க, ஆறு மணிக்கு இதக் குடுத்த கொண்டோ சான் எனக்குக் கட்டிவிட வருவாங்க, அவங்க முகத்தில நான் எப்படி முழிப்பேன், என்று அந்தப் பெண் கேட்கிறாள், எதுக்கு முழிக்கணும், நமக்குக் குடுத்தாச்சுன்னா நம்ம துணி, சேலைன்னா ரவிக்கத் துணி சேர்ந்துதான் வரும், அத வெட்டி எடுக்காம அப்பிடியே கட்டிக்கிட்டுத் திரியிறவ எவ, என்கிறாள் அம்மா, எனக்குச் சிரிப்பு வந்தது, வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன், கண்ணில் நீர் வந்தது, அது வெங்காயம்.

தோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், நிஷிகசாயில், இந்தப் பத்துமாடிக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து பன்னிரண்டு வருஷம், செண்பகவல்லி எங்களுக்கும் இரண்டு வருஷம் முந்தி, பதினாலு வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவளுக்கு ஜப்பான் பாஷையில் நன்றியும் மன்னிப்பும் முட்டையும் மட்டும்தான் தெரியும், இந்த மூன்றை வைத்துக்கொண்டே அவள் குடும்பம் நடத்தினாள், ஒரு சங்கத்துக்குத் தலைவியாகவும் ஆனாள், தமிழ் மகளிர் வட்டம் என்று பெயர், தலைவியைத் தேர்ந்தெடுத்தது யாரென்று கேட்டால் அவளேதான், திண்டுக்கல்லிலிருந்து தையல் மிஷினைத் தலைவேறு உடம்புவேறாகக் கழற்றி, இரண்டு பெட்டியில் போட்டு, விமானத்தில் கொண்டுவந்தவள், அந்த மிஷின் இருக்கும் தைரியத்தில் இந்த ஊரில் எந்தத் துணியைப் பார்த்தாலும் அவள் கண் நீளத்தை அளக்கும், திரைச்சீலையைப் பார்த்தால் பாவாடை என்பாள், பாவாடையைப் பார்த்தால் தலையணை உறை என்பாள். அந்த ஆகஸ்ட் மாசம் ஞாபகம் வருகிறது, அது இதற்கும் முந்தின வருஷமா, இல்லை அதற்கும் முந்தினதா, பூங்காவில் ஓபோன் ஆட்டம், செத்துப்போன முன்னோர்கள் மூன்று நாள் வீட்டுக்கு வந்துபோவார்களாம், அவர்களைச் சந்தோஷப்படுத்தி அனுப்ப ஊரே வட்டமாக நின்று ஆடும், நம்ம ஊர் அமாவாசைக்குக் கும்மியடித்த மாதிரி, அதற்கு வட்டத்துப் பெண்கள் எட்டுப் பேரும் யுகாதா கட்டிக்கொண்டு போனோம், யுகாதா என்பது கோடைக்குக் கட்டும் பருத்திக் கிமோனோ, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து இடுப்பில் பட்டை கட்டவேண்டும், செண்பகவல்லி வீட்டுக் கூடத்தில் ஆறு பேரை வரிசையாக நிற்கவைத்து அவளே கட்டிவிட்டு, ஏழாவதாகத் தானும் கட்டிக்கொண்டாள், நல்ல காரியத்துக்கு வலது கைதான் முந்தணும், வலது பக்கம் மேல வரட்டும், என்று ஒவ்வொருத்தி நெஞ்சிலும் வலப்பக்கத்தை மேலே போட்டு இறுக்கினாள், நான் மட்டும் என் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிட்டேன், இடப்பக்கம் மேலே.

எனக்குத் தெரியும், கீழே முக்கில் இருக்கும் சலவைக்கடையில் வேலை பார்க்கும் கொண்டோ சான், சான் என்றால் நம்ம ஊர் அம்மா மாதிரி ஒரு மரியாதை, எனக்குச் சொல்லியிருந்தாள், உயிரோடு இருப்பவர்களுக்கு இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு, பெட்டியில் வைக்கிறவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள் என்று, என் வீட்டுக்காரரின் சட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னாள், அவள் எதையும் சட்டை எண்ணிக்கொண்டேதான் சொல்லுவாள். அப்படியாக இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளில் நம்ம ஊர்ப் பிணங்கள் ஏழு, மல்லிகைப்பூவும் பொட்டுமாக, பூங்காவின் வாசல் வழியே சிரித்துக்கொண்டு நுழைந்தன, ஒரு கிழவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கைகூப்பினார், பாத்தியா தங்கச்சி, இந்த ஊர்க்காரனுக்கு நம்ம மேல எம்புட்டு மரியாதை, என்று செண்பகவல்லி பதிலுக்குக் கும்பிட்டாள், நான் ஆமாக்கா என்றேன், வேறென்ன சொல்ல, நடுத்தெருவில் அவிழ்த்துக் கட்டச் சொல்லவா, வீட்டிலேயே சொல்லியிருக்கலாம்தான், சொன்னால் அந்தக் கிழவரின் கும்பிடு கிடைத்திருக்குமா. ஆட்டம் முடிந்து திரும்பும்போது கொண்டோ சான் எதிரே வந்தாள், ஏழு பேரையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நீ அவர்களிடம் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள், சொன்னால் மனசு கஷ்டப்படுவார்கள் என்றேன், அப்படியா, என்றாள், இந்த ஊர்க்காரர்கள் அப்படியா என்று சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று பிடிக்கவே முடியாது, தண்ணீருக்குள் கைவிட்டு மீனைத் தடவுகிற மாதிரி, இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

கொண்டோ சானுக்கு ஐம்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகவில்லை, தலைமுடியை உச்சியில் முடிந்திருப்பாள், செண்பகவல்லி அவளைக் கொண்டையம்மா என்பாள், எவனும் கட்டலயா, இல்ல எவனயாச்சும் கட்டி விரட்டிட்டாளா, கொஞ்சம் விசாரியேன் தங்கச்சி, என்று என்னை நச்சரிப்பாள், நச்சரிக்கவே வேண்டாம், நான் முன்னாலேயே விசாரித்துவிட்டேன், கடையின் பின்னறை அலமாரியில் மெல்லிய காகிதத்தில் சுற்றி ஒரு சிவப்புக் கிமோனோ இருந்தது, இருபது வயசு விழாவுக்கு அவள் அப்பா வாங்கித் தந்தது, கை இரண்டும் கால்வரை தொங்கும், கல்யாணமாகாத பெண்கள்தான் அந்த நீளக்கை போடலாம், கையை வீசி வீசித்தான் அந்தக் காலத்தில் ஆசையைச் சொல்லுவார்களாம், கல்யாணம் ஆனதும் கையை வெட்டிக் குட்டையாக்கிவிடுவது வழக்கம், இனி யாரையும் பார்த்து வீசவேண்டியதில்லை என்று அர்த்தம், நம்ம ஊரில் தாலி ஏறும், இவர்களுக்குக் கை இறங்கும். அப்படியென்றால் இது ஏன் இன்னும் இப்படியே இருக்கிறது என்று நான் கேட்டேன், கேட்கக்கூடாதுதான், நாக்கு கேட்கச் சொல்லிற்று, வெட்டுவதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை, என்று சொல்லிவிட்டு அவள் ஏழு, எட்டு, ஒன்பது என்று சட்டையை எண்ணினாள், அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு தமிழ் வீட்டுக்கும் அந்தக் கை நீண்டுவிட்டது, ஐம்பத்தாறு வயசில் இன்னும் கையை வீசிக்கொண்டிருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், செண்பகவல்லிதான் அதிகம் சிரித்தாள், பிறகு, பாவம், என்றாள், அவளுக்கு அந்தக் குணம் உண்டு, சிரித்து முடித்த வாயாலேயே பாவம் என்பாள், எனக்கு அது பிடிக்காது, ஒன்று சிரிக்கவேண்டும், இல்லை பாவம் சொல்லவேண்டும்.

வர்ஷினி காலேஜ் நேரம் போக எதிர்க்கடையில் வேலை பார்த்தாள், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் அந்த மளிகைக்கடையில், கொண்டோ சான் மத்தியானம் அங்கேதான் சோற்றுருண்டை வாங்குவாள், தினம் இரண்டு வார்த்தை பேசுவார்களாம், மழை வரும்போல, குளிர் விட்டதுபோல, அவ்வளவுதான், நான் பன்னிரண்டு வருஷமாகச் சட்டையும் போர்வையும் கொண்டுபோய் அவள் முன்னால் நின்று என் வீட்டுக் கதை, அடுத்த வீட்டுக் கதை எல்லாம் சொன்னவள், டிசம்பர் மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் கொண்டோ சான் அந்தச் சிவப்புப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு வருகிறாள், ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஈரக் கையைத் துடைத்துக்கொள்கிறேன், என் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வாசலில் மணி அடிக்கிறாள். என் வீட்டில் பெண் இல்லை, ஒரு பையன், அவனுக்குக் கிமோனோ எதற்கு, நியாயம்தான், நியாயம் என்று தெரிந்தால் மட்டும் வயிறு எரியாதா. வர்ஷினி வேலைக்குப் போயிருந்தாள், பாஷை புரியாமல் செண்பகவல்லி, தங்கச்சி, ஒரு எட்டு வந்து என்னான்னு கேளு, என்று கூப்பிட்டாள், போனேன், நடுவில் உட்கார்ந்தேன், கொண்டோ சான் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன், இது எனக்கு இனி வேண்டாம், இந்தப் பெண் ஜனவரி விழாவுக்குப் போட்டுக்கொள்ளட்டும், சொன்னேன், அன்று காலையில் நானே வந்து கட்டிவிடுகிறேன், சொன்னேன், திருப்பித் தரவேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும், அதையும் சொன்னேன், பதிமூணு வயசுல ஊருல மண்டபம் பிடிச்சு ஒரு சடங்கு வச்சாச்சு, இருபதுல இவங்களுக்கு இன்னொண்ணா, என்று சிரித்துக்கொண்டே செண்பகவல்லி பட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கொண்டோ சான் கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள், அந்தக் கையை என்னால் வெட்ட முடியவில்லை, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் நாளில் வெட்டுங்கள், அன்றைக்கு என்னையும் கூப்பிடுங்கள், அதுவரை தொடவேண்டாம், அது ஒன்றுதான் நான் கேட்பது. சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தாள். என்ன தங்கச்சி, கடைசியா நீளமா என்னவோ சொல்லுதே, என்றாள் செண்பகவல்லி. ஒண்ணுமில்லக்கா, பத்திரமா வச்சுக்கச் சொல்றாங்க, என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, வாயில் வந்தது, அவ்வளவுதான், அத்தனை நீளத்தையும் யார் மொழிபெயர்ப்பது, எனக்கென்ன கூலியா கொடுத்தார்கள், வர்ஷினிக்கு இந்த ஊர்ப் பாஷை தண்ணீர்பட்ட பாடு, அவளிடமே கொண்டோ சான் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன், இல்லை, அப்படி நினைக்கவில்லை, இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை, விழாவுக்கு இரண்டு நாள் முந்தி, பெண் எதிர்க்கடையில், செண்பகவல்லி மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை பொங்கல், வட்டத்துக் கூட்டத்துக்கு அவள் கடுகுநிறப் பட்டுச் சேலை கட்டப் போகிறாள், அதற்கு ரவிக்கை இல்லை, தங்கச்சி, இங்க வாயேன், இது எதுக்கு இம்புட்டுத் தொங்குது, பிள்ள தட்டி விழுந்துறாதா, என்று கிமோனோவைக் கட்டிலில் விரித்துப்போட்டிருக்கிறாள், அதன்மேல் கத்தரிக்கோல், கறுப்புப் பிடிபோட்ட பெரிய கத்தரிக்கோல், நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வெயில் பட்டின்மேல் விழுந்து கொக்கின் இறக்கை வெளுத்துத் தெரிகிறது, அது ஆயிரம் வருஷம் வாழுமாம், ஒரே ஜோடியோடு வாழுமாம், கல்யாணத்துக்கு அதனால்தான் அந்தப் படம் என்று கொண்டோ சான் சொல்லியிருக்கிறாள், முந்தானப் பக்கம் ரவிக்கத் துணி விட்டு நெய்யிற மாதிரி இவங்க கையில விட்டு நெய்வாங்க போல, இத வெட்டிக்கிட்டா பிள்ளைக்கும் அளவாப் போகும், எனக்கும் ரவிக்க ஆகும், என்ன சொல்ற, என்று அவள் என்னைக் கேட்டாள், கேட்டாள், அதுதான் விஷயம், என்னைக் கேட்டாள். உங்களுக்குத் தெரியாததா அக்கா, என்றேன். துணி வழுக்குது, அந்த முனைய மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடி, என்றாள். பிடித்தேன். பழைய பட்டு வெட்டுப்படும்போது சத்தம் வராது, ஒரு பெருமூச்சு மாதிரி இருக்கும். கிமோனோவில் வளைவே கிடையாது, எல்லாம் நேர்வெட்டு, தையலைப் பிரித்தால் திரும்பவும் முழுத்துணி ஆகிவிடும் என்று கொண்டோ சான் பெருமையாகச் சொல்லுவாள், செண்பகவல்லி வெட்டிய துண்டுகளை மடித்துப்போட்டு அக்குளுக்கு ஒரு வளைவு, கழுத்துக்கு ஒரு வளைவு என்று சோப்புத்துண்டால் கோடு போட்டு வெட்டினாள், அதற்குப் பிறகு எந்தச் சாமி வந்தாலும் ஒட்டவைக்க முடியாது, நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், அடுப்பில் குழம்பு.

விழா நாள் காலை ஆறு மணி, கொண்டோ சான் ஒரு சின்னத் தோல்பெட்டியோடு வந்தாள், உள்ளே நாடாக்கள், பஞ்சு, இடுப்புப் பட்டை, நானும் ஒரு பிளாஸ்கில் காப்பி போட்டுக்கொண்டு போனேன், அக்கம்பக்கம் என்று இருந்தால் இந்த மாதிரி நேரத்துக்குத்தானே, வர்ஷினி அழுதழுது கண் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள், செண்பகவல்லி மட்டும், வாங்க வாங்க, என்று தமிழிலேயே வரவேற்றுவிட்டு, தைத்த கையைப் பெருமையோடு நீட்டிக் காட்டுகிறாள், கொண்டோ சான் உட்கார்ந்தாள், கையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், தையல் நேராகத்தான் இருந்தது, மடியில் வைத்துக்கொண்டு கொக்கின் கழுத்து முடிகிற இடத்தில் விரலை வைத்து அப்படியே இருந்தாள், அடுத்த அறையில் செண்பகவல்லி வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார், அந்த மனுஷன் எல்லாவற்றையும் தூங்கியே கழித்தவர். பிறகு அவள் வர்ஷினியிடம் கேட்டாள், கல்யாண நாளில்தான் வெட்டவேண்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேனே, தெரியாதா. அந்தப் பெண் அம்மா பக்கம் திரும்பினாள், அம்மா, கல்யாணம் ஆகிற அன்னைக்குத்தான் கைய வெட்டணும்னு சொன்னாங்களாமே, அதுவரைக்கும் தொடாதீங்கன்னு சொன்னாங்களாமே, உங்கிட்டயே சொன்னாங்களாமே. எனக்கா, எப்ப, எங்கிட்ட அப்பிடி ஒண்ணும், என்று ஆரம்பித்த செண்பகவல்லி பாதியில் நின்று என்னைப் பார்த்தாள், பெண்ணும் என்னைப் பார்த்தாள், கொண்டோ சானும் பார்த்தாள், பிளாஸ்கின் மூடி சூடாக இருந்தது, நான் சொன்னேனேக்கா, அன்னைக்கே சொன்னேன், நீங்க பட்டத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, காதுல விழல போல, என்றேன். செண்பகவல்லி முகத்தை நான் அப்போது பார்த்தேன், என்னைத் திட்டப் போகிறாள், பொய் என்று கத்தப் போகிறாள் என்று காத்திருக்கிறேன், அவளோ நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள், இருக்கும், சொல்லியிருப்பா, எனக்குத்தான் துணியக் கண்டா கண்ணு காது தெரியாதே, பாவி, எங்கையாலயே எம்பிள்ளைக்கு, என்று கொண்டோ சானின் முன்னால் மடேரென்று விழுந்து, தெரிந்த மூன்று வார்த்தையில் ஒன்றை, மன்னிப்பை, திரும்பத் திரும்பச் சொன்னாள், முட்டாள், இப்படி ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை, நான் சொன்னதை நம்பிவிட்டாள். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத கொண்டோ சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படியா, என்று இந்தத் தடவை சொல்லக்கூட இல்லை.

அவள் செண்பகவல்லியைத் தூக்கி உட்காரவைத்தாள், வர்ஷினியை எழுந்து நிற்கச் சொன்னாள், கட்ட ஆரம்பித்தாள், வலப்பக்கம் உள்ளே, இடப்பக்கம் மேலே, நாடா, பஞ்சு, நாடா, கல்யாணமாகாத பெண்களுக்கு முதுகில் பட்டையைப் பூ மாதிரியும் பட்டாம்பூச்சி மாதிரியும் விரித்துக் கட்டுவார்கள், குட்டைக் கைக்கு அது ஒவ்வாது, அதனால் குடும்பப் பெண்கள் கட்டுகிற மாதிரி மட்டமாக, ஒரு சின்ன மெத்தை வைத்தது போலக் கட்டினாள், அம்மாவின் கை வேலை நன்றாக இருக்கிறது, குளிருக்கு நல்லது, காற்று புகாது, என்றாள், அந்தப் பெண்ணுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. நான் கொண்டுபோன காப்பியை யாரும் குடிக்கவில்லை. மண்டபத்து வாசலில் நானூறு பெண்கள் நீளக்கையை வீசிக்கொண்டு நிற்க இவள் ஒருத்தி மட்டும் குட்டைக் கையோடு போய் இறங்கினாளாம், உனக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று என்று சிநேகிதிகள் சூழ்ந்துகொண்டு கேட்டார்களாம், முந்தாநாள், எங்கம்மா கத்தரிக்கோலால் பண்ணிவைத்தாள், என்றாளாம், அன்றைக்கு எல்லாரும் அவளோடு நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்வி, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒளிப்பானேன். அடுத்த நாள் பொங்கல் கூட்டத்தில் செண்பகவல்லி அந்த ரவிக்கையைப் போடவில்லை, அழுதுகொண்டே தைத்து முடித்துப் பீரோவில் வைத்துவிட்டாளாம், நான்தான் வட்டத்தில் எல்லாருக்கும் நடந்ததைச் சொன்னேன், படித்துப் படித்துச் சொன்னேன், இந்தம்மா கேட்கவில்லை என்று, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் அங்கேயே இருந்தாள், ஆமா, எம்மேலதான் தப்பு, என்று தலையை ஆட்டினாள், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அந்தச் சிரிப்பு இறங்கியிருக்கும்.

மேல்கொண்டு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை, சலவைக்கடைக்கு வேனில் துணி ஏற்ற வருவானே ஷிமுரா, பெண்டாட்டி செத்து ஆறேழு வருஷம் ஆன மனுஷன், இறங்கும்போதும் ஏறும்போதும் தொப்பியைக் கழற்றுவான், பதினெட்டு வருஷமாகக் கழற்றுகிறானாம், நான் அதைக் கண்டும் கதை கட்டவில்லை, இப்போது என்னை நானே நொந்துகொள்கிறேன், அவனை அக்டோபர் மாசம் கொண்டோ சான் கட்டிக்கொண்டாள், அந்த நீளக்கை அலமாரியில் கிடந்தவரை நான் யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது, யாரோ வெட்டிவிட்டார்கள், பிறகு காத்திருக்க என்ன இருக்கிறது, என்று வர்ஷினியிடம் சொன்னாளாம், ஐம்பத்தேழு வயசில், கேட்கவே கூசுகிறது. கல்யாணத்துக்குச் செண்பகவல்லியையும் பெண்ணையும் மட்டும் கூப்பிட்டாள், வெட்டுகிற அன்று கூப்பிடச் சொன்னாளே, கடைசியில் கூப்பிட்டது அவளேதான், வட்டத்தில் படம் சுற்றி வந்தது, நானும் பெரிதாக்கிப் பார்த்தேன், நடுவில் கறுப்புக் கிமோனோவில் கொண்டோ சான், ஒரு பக்கம் குட்டைக்கைச் சிவப்பில் வர்ஷினி, அவளை ஒட்டினாற்போல் கடுகுச் சேலையில் செண்பகவல்லி, பெண் சொல்லிப் போட்டுக்கொண்டாளாம் அந்த ரவிக்கையை, பெண்ணின் கையில் இருந்த கொக்கின் கழுத்து அம்மாவின் தோளில் இருந்த இறக்கையோடு போய்ச் சேர்ந்து முழுக்கொக்காக இருந்தது, வட்டமே அதைப் பார்த்து ஆகா என்றது, எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, தையல்காரிக்குப் பூ ஒட்டவைக்கத் தெரியாதா. கொண்டோ சான் அவனோடு பனி கொட்டுகிற நீகாதாவுக்குப் போய்விட்டாள், வர்ஷினிக்குக் காலேஜ் முடிந்து தெற்கே ஃபுகுவோகாவில் வேலை, அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆகிற வழியும் தெரியவில்லை, கேட்டால் எனக்குத்தான் ஆகிவிட்டதே என்று குட்டைக் கையைக் காட்டுகிறாளாம், செண்பகவல்லி தையல் மிஷினைத் திரும்பவும் தலைவேறு உடம்புவேறாகக் கழற்றிப் பெண்ணோடு போய்விட்டாள், புருஷன் தூக்கத்தோடு தூக்கமாகப் பின்னாலேயே போனார், கிளம்புகிற அன்று என் வீட்டுக்கு வந்து, தங்கச்சி, எம்மேல வருத்தம் ஒண்ணுமில்லயே, என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள், என்னைக் கேட்டாள், இல்லக்கா, என்றேன்.

ஓபோன் ஆட்டத்துக்குக் கட்டிய என் யுகாதாவைச் செப்டம்பரில் சலவைக்குப் போட்டிருந்தேன், கொண்டோ சான் வேலையை விட்ட வாரத்தில் அது தயாராகிவிட்டது, உங்களுக்கென்று அவரே தேய்த்து மாட்டி வைத்துவிட்டுப் போனார், என்று புதிதாக வந்த பெண் கொடுத்தாள், கண்ணாடிக் காகித உறைக்குள், ஹாங்கரில், நெஞ்சில் ஒரு ஊசி குத்தி, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சட்டைப் பொத்தானை மாற்றிப் போடாதவள். கைதவறியிருக்கும், கல்யாணக் களையில் கிழவிக்கு இடது வலது தெரியவில்லை என்று சொல்லலாம், சொல்லிப் பார்த்தேன், வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஊசியை எடுத்து மாற்றிப் போட்டால் ஆச்சு, அதற்கென்ன, என்றார் என் வீட்டுக்காரர். ஆச்சுதான். அது சமையலறை ஜன்னலுக்கு எதிரே கம்பியில் தொங்குகிறது, ஜனவரி திரும்பவும் வந்துவிட்டது, சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு, நான் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து வெங்காயம் நறுக்குகிறேன், நடைவழியில் ஒரு குரல் இல்லை, அடுத்த வாசலில் பூட்டு, காற்று மட்டும் உள்ளே வந்து யுகாதாவின் கையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறது, அது ஆடுகிறது, ஒருநாள் மாற்றிவிடவேண்டும் என்று கையை நீட்டுகிறேன், நீட்டிய கையை எடுத்துக்கொண்டு வெங்காயத்துக்கே வருகிறேன், விளக்கைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியில் என் பின்னால் யாரோ கைதொங்க நிற்கிற மாதிரி அது தெரிகிறது, கண்ணாடியில் மட்டும் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, எல்லாம் சரியாக, உயிரோடு இருக்கிறவளுக்குக் கட்டிய மாதிரி, நான் திரும்பாமல் அதையே பார்த்துக்கொண்டு நறுக்குகிறேன்.